கரூ மேட்டுநிலத்தில் துடிக்கும் விண்மீன்கள்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையிலுள்ள கேப் டவுன் நகரிலிருந்து வடகிழக்கே புறப்பட்டு, மலைகளைக் கடந்து, கரூ என்னும் வறள்நிலத்தின் விளிம்பிலுள்ள சதர்லாந்து என்னும் சிற்றூரை அடையும் சாலை ஏறத்தாழ 370 கிலோமீட்டர் நீளமுடையது. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆட்டுப் பண்ணைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வழி விண்ணியல் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. வெப்பத் துணைக்குறுமீன்கள் என்று விண்ணியலார் வகைப்படுத்தும் சிறிய, மிகச் சூடான விண்மீன்களுள் சில, ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கின்றன என்பது சதர்லாந்தின் குவிமாடங்களுக்கு உள்ளிருந்துதான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 1997இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குப் பின்னர், ஒரு விண்மீனின் உட்பகுதியை அதன் துடிப்பைக்கொண்டே அளக்கும் துறையான விண்மீன் அதிர்வியலில் ஒரு புதிய பிரிவு தோன்றியது.

கேப் டவுன்: அப்சர்வேட்டரி புறநகர்

கேப் டவுனின் மேசைமலை நிழலைக் கடந்து கிழக்கே சென்றால், லீஸ்பீக் ஆறும் பிளாக் ஆறும் நெருங்கிவரும் தாழ்நிலத்தில் ஒரு சிறு மேடும், அதன்மேல் வெள்ளைத் தூண்களையுடைய பழைய கட்டடமும் தென்படும். 1820இல் பிரித்தானிய அரசு நிறுவிய வேந்தர் வானாய்வகம் இதுவே. சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிக்கு அப்சர்வேட்டரி என்னும் பெயர் இதனால்தான் வந்தது. தாமஸ் ஹெண்டர்சன் 1832, 1833ஆம் ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த அளவீடுகளே, ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள ஆல்ஃபா சென்டாரி விண்மீனின் தொலைவைக் கணிக்கப் பயன்பட்டன. 1972இல் இவ்வாய்வகமும் ஜோஹன்னஸ்பர்கிலிருந்த ஆய்வகமும் ஒன்றிணைக்கப்பட்டுத் தென்னாப்பிரிக்க வானாய்வகம் உருவானபோது, நகர விளக்குகளின் ஒளியிலிருந்து தப்புவதற்காகத் தொலைநோக்கிகள் சதர்லாந்துக்குப் பெயர்ந்தன. அலுவலகமும் நூலகமும் பட்டறையும் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன.

பயணத்தைத் தொடங்குமுன் நகரின் போ-காப் பகுதியில் உண்பது வழக்கம். மஞ்சளும் மசாலாவும் உலர்திராட்சையும் சேர்த்த கொத்துக்கறியின்மேல் முட்டையும் பாலும் ஊற்றிச் சுட்டெடுக்கும் பொபூட்டி, முக்கோண வடிவச் சமோசா, பாகில் ஊறிய கூக்சிஸ்டர் ஆகியவை இங்குள்ள கேப் மலாய் வீடுகளின் உணவு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகப் பிடித்துவந்த மக்களின் வழித்தோன்றல்கள் இந்நகரில் வாழ்கின்றனர் என்பதையும், அச்சமையலில் அவர்களுடைய கையும் கலந்திருக்கிறது என்பதையும் அறிந்து உண்ணும் தமிழ்ப் பயணிக்கு அந்த மஞ்சளின் மணம் வெறும் சுவையாக மட்டும் இருப்பதில்லை.

அப்சர்வேட்டரியிலுள்ள பழைய ஆய்வக வளாகத்தில் நினைவுகூர வேண்டிய திட்டம் எடின்பரோ-கேப் நீலப்பொருள் கணக்கெடுப்பு ஆகும். பால்வழியின் தளத்திலிருந்து விலகிய தென்வானப் பகுதிகளில் காணப்படும் நீலநிற விண்மீன்களையெல்லாம் பட்டியலிடுவதே அதன் நோக்கம். வானத்தின் ஒளிப்படத் தகடுகளிலிருந்து நீலப் பொருள்களைத் தெரிந்தெடுத்து, அவை ஒவ்வொன்றின் நிறமாலையையும் ஒளியளவையும் சதர்லாந்தில் அளந்து, இன்னது இன்ன வகை என்று முடிவுசெய்தனர். நிறமாலை என்பது விண்மீனின் ஒளியை வண்ணங்களாகப் பிரித்து, அதில் எந்தெந்தத் தனிமங்களின் கோடுகள் பதிந்துள்ளன என்று காட்டும் பதிவாகும். பட்டியலிலுள்ள பெயர்கள் வான முகவரிகளாகவே அமைந்தன: ஈசி 14026-2647 என்றால், எடின்பரோ-கேப் பட்டியலில், வல ஏற்றம் 14 மணி 2.6 நிமிடமும், வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 26 பாகை 47 கலையும் உள்ள பொருள் என்று பொருள்படும். ஆண்டுக்கணக்கில் நீண்ட இந்தச் சலிப்பூட்டும் பட்டியல்பணியே பின்வந்த கண்டுபிடிப்பின் வேர் என்பதால், புகழ்பெற்ற கருவிகளைக் காட்டிலும் இதற்கே முதல் மதிப்பு தரத் தகும்.

ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கு, மைக்கிஸ்ஃபொன்டெய்ன்

கேப் டவுனை விட்டு நீங்கும் நெடுஞ்சாலை ஹியூகனாட் சுரங்கப்பாதையில் மலையைக் குடைந்துசென்று, வூஸ்டர் நகரைத் தாண்டி, ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. இருபுறமும் நெடிதுயர்ந்த மணற்கல் மலைகளும், அடிவாரமெங்கும் உண்பதற்கான திராட்சைக் கொடிகளும், இலையுதிர்காலத்தில் செம்பழுப்பாக மாறிய அவற்றின் இலைகளும் கண்ணுக்கு நிறைவு தருவன. ஆயினும் பள்ளத்தாக்கின் மறுமுனையில் சாலை மேடேறியதும், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பசுமை முற்றிலும் மறைந்து, முழங்காலளவு உயர்ந்த சாம்பல்நிறப் புதர்களும் கல்லும் மட்டுமே தொடுவானம் வரை நீள்கின்றன. வயலும் தோப்பும் கோபுரமும் மாறிமாறி வரும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பழகியவர்களுக்கு, இத்தனை தொலைவு மனிதர் ஒருவரும் தென்படாத வெளி முதலில் அச்சத்தையும் பின்னர் ஒருவகை விடுதலையையும் தருகிறது.

மைக்கிஸ்ஃபொன்டெய்ன் ஒரு தொடர்வண்டி நிலையமும் ஒரு தெருவும் கொண்ட ஊர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் லோகன் 1884இல் நிறுவியது. விக்டோரியா காலத்து விடுதியின் முகப்பில் தேநீரும் உலர்ரொட்டியும் அருந்திய பின், பயணிகள் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்புகின்றனர். அங்கிருந்து சதர்லாந்து வரை ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு வழியில் ஊர் எதுவும் இல்லை.

இவ்விடைவெளியில், காணப்போகும் விண்மீன்கள் எத்தகையவை என்று விளக்கிக்கொள்வது பயன்தரும். ஞாயிறு போன்ற விண்மீன் ஒன்று தன் மையத்திலுள்ள ஹைட்ரஜனை எரித்து முடித்ததும் பருத்துச் செம்பெருமீனாகிறது. அதன் மையத்தில் ஹீலியம் சேர்ந்துகொண்டே வந்து, ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழப் பாதியை எட்டும்போது தீப்பற்றுகிறது. இயல்பாக இக்கட்டத்தில் மையத்தைச் சுற்றித் தடித்த ஹைட்ரஜன் போர்வை இருக்கும். வெப்பத் துணைக்குறுமீனிலோ, அப்போர்வை ஏறத்தாழ முழுவதும் உரிக்கப்பட்டு, மெல்லிய படலம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. எனவே அதன் மேற்பரப்பு வெப்பநிலை 20,000 முதல் 40,000 கெல்வின் வரையும் அதற்கு மேலும் செல்கிறது. ஞாயிற்றினது 5,800 கெல்வின் மட்டுமே. ஆரமோ ஞாயிற்றின் ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. இந்த உரிப்பை நிகழ்த்துவது பெரும்பாலும் துணைமீன் என்று கருதப்படுகிறது: ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டையில் ஒன்று பருக்கும்போது மற்றொன்று அதன் போர்வையைப் பறித்துக்கொள்ளலாம், அல்லது இருமீன்களும் அப்போர்வைக்குள் மூழ்கிச் சுழன்று அதை வெளியே எறியலாம், அரிதாக, ஹீலியத்தாலான இரு வெண்குறுமீன்கள் ஒன்றாகிப் புதியதொரு துணைக்குறுமீன் பிறக்கலாம். இவ்விண்மீன்கள் சுமார் பத்துக் கோடி ஆண்டுகள் ஹீலியத்தை எரித்துவிட்டு, மீண்டும் பருக்காமல் நேரே வெண்குறுமீன்களாக அடங்கிவிடுகின்றன.

வெர்லாத்தன்க்ளூஃப் கணவாய்

சதர்லாந்தை அடையுமுன் சாலை ரொக்கஃபெல்ட் என்னும் மேட்டுநிலத்தின் செங்குத்தான விளிம்பில் வளைந்து ஏறுகிறது, இக்கணவாயே வெர்லாத்தன்க்ளூஃப். ஏறுவதற்கு முன்னிருந்த வெயில் ஏறிய பின் வெயிலாகத் தோன்றாது, காற்று வறண்டு குளிர்ந்துவிடும், பாறைகளின் நிழல்கூடக் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும். விண்ணியலார் வேண்டுவது இதையே: கடலிலிருந்து விலகிய, ஈரமற்ற, உயர்ந்த நிலம். இப்பகுதியின் பழங்குடிகளான ஸான் மக்கள், ஒரு பெண் அடுப்புச் சாம்பலை வானில் வீசியதால் பால்வழி உண்டாயிற்று என்று சொல்லிவந்தனர். அவர்களுடைய கதைகளை 1870களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாயிடும் எழுதிவைத்தனர். அக்கதைகள் சொல்லப்பட்ட மொழியைப் பேசுவோர் இன்று எவரும் எஞ்சவில்லை என்பது, இந்நிலத்தின் வானத்தைப் புகழும் எவரும் மறக்கக்கூடாத இழப்பாகும்.

சதர்லாந்து

ஊரின் நடுவே டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில், அதைச் சுற்றிச் சில தெருக்கள், வெள்ளையடித்த தாழ்ந்த வீடுகள், ஆட்டுத் தொழுவங்கள். சதர்லாந்து என்பது இவ்வளவே. தென்னாப்பிரிக்காவின் மிகக் குளிர்ந்த ஊர்களுள் ஒன்றாகிய இங்கு குளிர்காலத்தில் பனி பொழிவதும் உண்டு. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் பெருங்கவிஞராகிய ந. பெ. ஃபான் வைக் லோவ் 1906இல் இங்கே பிறந்தார். ஊருக்கு அப்பால், பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அடங்கிய சால்பீட்டர்கோப் எரிமலை ஒரு கூம்பாக நிற்கிறது.

விருந்தினரைத் தங்கவைக்கும் வீடுகளில் மாலையுணவு ஒரு சடங்குபோல் நடைபெறும். கரூ ஆடு மேயும் புதர்களின் வாசனையே அதன் இறைச்சிக்கு ஏறியிருக்கும் என்று ஊரார் பெருமையுடன் கூறுவர். விறகுத் தணலில் சுட்ட விலாத்துண்டுகளும், கொழுப்புச் சவ்வில் பொதிந்து சுட்ட ஆட்டீரலும், கம்பிவலையின்மேல் சுட்ட மாவுருண்டை ரொட்டியும் மேசைக்கு வரும்போது அக்கூற்றை மறுக்கத் தோன்றாது. ஊன் உண்ணாதவருக்குப் பூசணிக்காயும் பீன்ஸும் ரொட்டியும் ரூய்போஸ் தேநீரும் கிடைக்கும். இளையோர் உறவற்ற பெரியவர்களையும் மாமா என்றும் அத்தை என்றும் பொருள்படும் சொற்களாலேயே அழைப்பதைக் கேட்கும் தமிழர் அந்த மேசையில் விரைவில் இயல்பாகிவிடுவர்.

அங்குள்ள உரையாடல் எங்கே தொடங்கினாலும் மழையில் வந்து நிற்கும். 2015ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த வறட்சியில் மந்தைகளைப் பாதியாகக் குறைத்தவர்களும், தீவனத்துக்குக் கடன்பட்டவர்களும், நிலத்தையே விட்டுச் சென்றவர்களும் உண்டு என்று விடுதி நடத்தும் மூதாட்டி ஒருவர் எடுத்துரைத்தார். மேகம் திரண்டால் பண்ணைக்காரர் மகிழ்வதையும், அதே மேகத்தால் மலைமேலுள்ள ஆய்வாளர்கள் வருந்துவதையும் அவர் எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னார். அவருடைய மகன்களுள் ஒருவர் ஆடு வளர்க்கிறார். மற்றவர் விண்மீன் காணவரும் விருந்தினருக்கு வழிகாட்டுகிறார். ஒரே குடும்பத்தில் ஒருவர் மழையையும் மற்றவர் தெளிந்த வானத்தையும் நம்பி வாழும் நிலை, வானாய்வகம் இவ்வூருக்குக் கொண்டுவந்த மாற்றத்தின் உண்மையான அளவு.

மேட்டுநிலக் குவிமாடங்கள்

ஊருக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், வெண்குவிமாடங்கள் ஒரு நீண்ட குன்றின்மேல் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பெரியது, 2005 நவம்பரில் திறக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெருந்தொலைநோக்கி. 91 அறுகோணக் கண்ணாடிகள் இணைந்து 11 மீட்டர் அகலமுள்ள ஆடியாக அமைந்த இக்கருவியின் பங்காளிகளுள் புனேயிலுள்ள வானியல், வானியற்பியலுக்கான பல்கலைக்கழகங்களிடை மையமும் ஒன்று. பார்வையாளர் அனைவரும் முதலில் இதையே நாடுவர், இயல்புதான். ஆனால் துடிக்கும் துணைக்குறுமீன்களின் கதை நிகழ்ந்தது இதன் அருகிலுள்ள சிறிய, பழைய குவிமாடங்களில். பெருந்தொலைநோக்கியின் ஆடி நிலையான சாய்வில் பொருத்தப்பட்டிருப்பதால், வானத்தின் ஒரு வளையப் பகுதியை மட்டுமே அது காண இயலும், ஒரு விண்மீன் அவ்வளையத்தைக் கடக்கும் குறுகிய நேரத்துக்கு மட்டுமே அதைப் பின்தொடரவும் இயலும். துடிப்பை அளப்பதற்கோ ஒரே விண்மீனை மாலை முதல் விடியல் வரை இடைவிடாமல் நோக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

டேவ் கில்கென்னி, கிறிஸ் கோன், டாராக் ஓ'டோனாஹூ, பாப் ஸ்டோபி ஆகிய நால்வரும் 1990களின் நடுவில் செய்தது அதுவே. சில நொடிகளுக்கு ஒருமுறை விண்மீனின் ஒளியளவைப் பதிந்துகொண்டே செல்லும் இம்முறைக்கு விரைவு ஒளியளவியல் என்று பெயர். ஈசி 14026-2647 என்னும் விண்மீனை அவ்வாறு அளந்தபோது, அதன் ஒளி 144 நொடிக்கு ஒருமுறை நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிக் குறைந்தது. அதனுடன் 134 நொடிக்கால மெல்லிய துடிப்பு ஒன்றும் கலந்திருந்தது. கண்ணால் மட்டும் நோக்கினால் தோன்றவே தோன்றாத, ஒரு மெல்லிய மேகமே அழித்துவிடக்கூடிய இம்மாறுதலை நம்புவதற்கு அவர்கள் பலமுறை அளந்து உறுதிசெய்தனர். பின்னர் அதே துடிப்பை வேறு பல துணைக்குறுமீன்களிலும் கண்டு, புதிய வகை ஒன்று உண்டு என நிறுவினர்.

இதைவிட வியப்பானது, கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் ஷார்பினே, ஜில் ஃபோன்டேன், பியர் பிரசார் ஆகியோரும் அவர்களுடன் இணைந்த பென் டோர்மனும், சதர்லாந்தில் நடப்பதை அறியாமலேயே, இவ்விண்மீன்கள் துடிக்க வேண்டும் என்று கணக்கிட்டு 1996இல் எழுதினர். அவர்கள் காட்டிய காரணம் இரும்பு. விண்மீனின் உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ இரண்டு லட்சம் கெல்வினாக இருக்கும் அடுக்கில், இரும்பு அணுக்கள் ஒளி வெளியேறுவதை வலுவாகத் தடுக்கின்றன. இத்தடையை ஒளித்தடை என்பர். அவ்வடுக்கு சற்றே சுருங்கும்போது ஒளித்தடை மிகுந்து வெப்பம் அடைபடுகிறது. அடைபட்ட வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் தடை தளர்ந்து வெப்பம் வெளியேற, அடுக்கு மீண்டும் சரிகிறது. உலையில் கொதிக்கும் பானையின் மூடி ஆவியால் எழும்பி, ஆவி போனதும் விழுந்து, மறுபடியும் எழும்புவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஆனால் இயல்பான அளவு இரும்பு இவ்வேலைக்குப் போதாது. இங்கே இயற்கையின் நுட்பம் ஒன்று உதவுகிறது: விண்மீனின் அமைதியான, கலக்கமற்ற மேலடுக்குகளில் கன அணுக்களை ஈர்ப்பு கீழே இழுக்க, உள்ளிருந்து பாயும் ஒளி அவற்றை மேலே தள்ளுகிறது; இரண்டும் சமப்படும் ஆழத்தில் இரும்பு குவிகிறது. கதிர்வீச்சு மிதப்பு என்னும் இவ்விளைவால்தான் துடிப்பு இயங்குகிறது என்று அதே குழு அடுத்த ஆண்டே காட்டியது. அளந்தவர்களும் கணக்கிட்டவர்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தது அறிவியலில் அடிக்கடி நிகழாத பேறு. ஆயினும், துடிக்கக்கூடிய வெப்பநிலையும் ஈர்ப்பும் உடைய விண்மீன்களுள் பத்தில் ஒன்றளவே இவ்வாறு விரைந்து துடிப்பதும், அருகில் அதே தோற்றமுடைய மற்றவை அசைவின்றி இருப்பதும் ஏன் என்பது முழுதாக விளங்காத கேள்வியாகவே நீடிக்கிறது.

நள்ளிரவில் சிறு குவிமாடம்

ஏப்ரல் இறுதியில் நள்ளிரவையொட்டி ஈசி 14026-2647 விண்மீன் சதர்லாந்தின் உச்சிவானுக்கு மிக அருகில் வருகிறது. அது 15ஆம் ஒளித்தரத்தைச் சேர்ந்ததாகையால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் அதைச் சூழ்ந்த வானம் அவ்வளவு செறிந்திருக்கும், பால்வழியின் ஒளியில் தரையே மங்கலாகத் தெரியும். குவிமாடத்தின் உள்ளே வெப்பமூட்டுவதில்லை; வெப்பக்காற்று எழுந்தால் பிம்பம் கலங்கும். அறையின் மூலையில் கணினித் திரைக்கு முன் தடித்த மேலாடைக்குள் அமர்ந்திருப்பவர் ஒவ்வொரு பதிவையும் அருகிலுள்ள ஒப்புமை விண்மீனுடன் சரிபார்த்துக்கொண்டே இருப்பார். இதை ஒரு தவம் என்று புகழ்வதைவிட, விடாத கவனமுள்ள உழைப்பு என்று சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இங்கிருந்து கிடைத்த செல்வம் பெரிது. 1998இல் சதர்லாந்துக் குழு கண்ட பிஜி 1336-018 என்னும் மறைப்பு இரட்டையில், துடிக்கும் துணைக்குறுமீனைச் சிவந்த குறுமீன் ஒன்று 2 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து மறைக்கிறது. மறைப்பைக்கொண்டும் துடிப்பைக்கொண்டும் தனித்தனியே நிறையைக் கணக்கிட முடிவதால், இரண்டு வழிகளையும் ஒன்றோடொன்று சோதிக்கலாம். ஞாயிற்றின் நிறையில் 0.47 பங்குக்கு அருகில் இரண்டும் ஒத்துப்போவது, அதிர்வியல் முறையின் நம்பகத்தன்மைக்குக் கிடைத்த சிறந்த சான்று. 2003இல் எலிசபெத் கிரீனும் அவருடைய துணைவர்களும் சற்றுக் குளிர்ந்த துணைக்குறுமீன்கள் முக்கால் மணி முதல் இரண்டு மணி வரையான காலத்துடன் துடிப்பதை அரிசோனாவிலிருந்து அறிவித்தனர். விரைவான துடிப்புகள் அழுத்த அலைகள். அவை மேலடுக்குகளில் பயணிக்கின்றன. மெதுவானவை மிதப்புவிசையால் இயங்கும் ஈர்ப்பு அலைகள். அவை மையத்துக்கு அண்மை வரை ஊடுருவுவதால் உள்ளகத்தின் அளவைச் சொல்கின்றன. 2006இல் 68,000 கெல்வினை ஒட்டிய வெப்பமுடைய ஒரு துணைக்குறுமீன் இரண்டு நிமிடக் காலத்துடன் துடிப்பதும் சதர்லாந்திலேயே கண்டறியப்பட்டது. 2009இல் ஏவப்பட்ட கெப்லர் விண்கலம் இரவும் பகலுமின்றி நோக்கியதால், இவ்விண்மீன்களுள் பல தம்மைத்தாமே ஒருமுறை சுற்றுவதற்குப் பத்து நாள் முதல் நூறு நாள் வரை எடுத்துக்கொள்வது தெரியவந்தது. இதைத் தரையிலிருந்து கண்டறிவது அரிது.

தென்னாப்பிரிக்கா 2007இல் இயற்றிய சட்டம் இம்மேட்டுநிலத்தின் இருளைக் காக்கிறது. சுற்றுவட்டாரத்தில் விளக்குகளை எப்படி அமைப்பது என்பதும் அதனால் வரையறுக்கப்படுகிறது. ஊர்த்தெருக்களிலும் விளக்குகள் கீழ்நோக்கியே எரிகின்றன. முதல் துடிப்பை அளந்த நால்வருள் ஸ்டோபி 2002இலும் ஓ'டோனாஹூ 2015இலும் மறைந்தனர். அவர்கள் நம்பிய சிறு தொலைநோக்கிகள் இன்றும் இரவுதோறும் திறக்கப்படுகின்றன.

சாலையின் மறுமுனை: காவலூர்

சதர்லாந்திலிருந்து திரும்பும் தமிழ்ப் பயணி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை நினையாமல் இருக்க இயலாது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரமே உடையதும், பருவமழைக் காலத்தில் மாதக்கணக்கில் மேகம் மூடுவதுமான காவலூர், கரூவின் வறண்ட உயர்நிலத்துடன் போட்டியிட இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், 1977இல் யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்தது. காவலூருக்கும் சதர்லாந்துக்கும் இடையே தீர்க்கக்கோடு 58 பாகை விலகியிருப்பதால், ஒரே விண்மீன் காவலூரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்னதாக உச்சிக்கோட்டைக் கடக்கிறது. துடிப்பை இடைவெளியின்றிப் பதிவதற்கு உலகெங்கும் தொலைநோக்கிகளை இணைக்கும்போது இந்த நான்கு மணி நேரத்தின் மதிப்பு பெரிது. ஈசி 14026-2647 ஏப்ரல், மே இரவுகளில் ஜவ்வாது மலையின் தென்வானில் 50 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. அதை அளக்க ஒரு மீட்டர் ஆடியும், சில நொடிக்கொருமுறை பதியும் கருவியும், இரவு முழுவதும் விழித்திருக்க அணியமான மாணவர்களும் போதும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வேடு தேர்ந்தெடுத்துத் தரும்போது, இவ்விண்மீனை அவர்களுக்குரிய பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்துத் தர வேண்டும்.